லோயரிங் ஸ்பிரிங் வாங்கும் முன்: ஸ்போர்ட்ஸ் கார் சஸ்பென்ஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலருக்குக் கண்ணை உறுத்தும் முதல் விஷயம், டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளி. விளம்பரப் படத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்த அதே கார், வாசலில் வந்து நிற்கும்போது கொஞ்சம் எம்பி நிற்பதுபோல் தெரியும். உடனே தேடல் தொடங்கிவிடும். எந்த ஸ்பிரிங் போட்டால் எத்தனை மி.மீ. இறங்கும்? 20-ஆ, 30-ஆ, 40-ஆ?

கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அவ்வளவு இறக்கியபின், மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சமிருக்கும்? இந்த மேல்நோக்கிய அசைவைத்தான் மெக்கானிக்குகள் டிராவல் என்கிறார்கள். தாழ்த்திய கார் நன்றாக ஓடுவதும், முதுகெலும்பை உடைப்பதும், வளைவில் திடீரென்று வழுக்குவதும் பெரும்பாலும் இந்த மிச்ச டிராவலைப் பொறுத்தவை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

காரை இறக்கும்போது எதைச் செலவழிக்கிறோம்

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஒரு மி.மீ. அமுங்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. சில கம்பெனிகள் இதைக் கிலோவில் சொல்லும், மி.மீ.க்கு 1 கிலோ என்றால் ஏறத்தாழ 9.8 நியூட்டன்.

சக்கரம் மேலே ஏறிக்கொண்டே போனால் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். டாம்பரின் (ஷாக் அப்சார்பரின்) தண்டில் கோர்த்திருக்கும், நுரை போன்ற பாலியூரித்தேன் கட்டை அது. தொட்ட உடனே இடித்து நிறுத்தாது. முதலில் கொஞ்சம் மெதுவாக அமுங்கி, போகப் போக வேகமாக இறுகும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இதையும் ஒரு துணை ஸ்பிரிங்காகவே கணக்கில் சேர்த்து வடிவமைக்கிறார்கள். ஆனால் சாதாரண ரோட்டில் எந்நேரமும் அதன்மேலேயே உட்கார்ந்து ஓட வேண்டிய பொருள் அல்ல அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் ஒரு மூலையில் 320 கிலோ உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தின் இடத்தில் விறைப்பு மி.மீ.க்கு 28 நியூட்டன். பம்ப் ஸ்டாப்பைத் தொட இன்னும் 60 மி.மீ. இருக்கிறது. அப்படியென்றால், நிற்கும் நிலைக்கு மேல் 1,680 நியூட்டன் கூடுதல் விசையை அந்தக் கட்டையைத் தொடாமலே ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்.

இப்போது 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போடுகிறோம். விறைப்பு 25 சதவீதம் கூடுதல், அதாவது 35 நியூட்டன். மிச்ச டிராவல் 30 மி.மீ.தான். 35-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,050. ஸ்பிரிங்கை விறைப்பாக்கியும் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பழைய 1,680-ஐ எட்ட வேண்டுமென்றால் விறைப்பை இரண்டு மடங்காக்கி 56-க்குக் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் தினமும் ஓட்டும் காருக்கு அது ரொம்ப அதிகம்.

அதே 35 நியூட்டன் ஸ்பிரிங்கில் வெறும் 15 மி.மீ. மட்டும் இறக்கியிருந்தால்? மிச்சம் 45 மி.மீ.; தாங்கும் விசை 1,575. ஏறக்குறைய கம்பெனி அளவுதான். மிதமாக இறக்கும் ஸ்பிரிங்குகளை நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான காரணம். 15-லிருந்து 25 மி.மீ. வரை இறக்கினால் கார் பார்ப்பதற்கும் அழகாக மாறுகிறது, சஸ்பென்ஷனும் சஸ்பென்ஷனாகவே வேலை செய்கிறது. அதற்குக் கீழே போகப் போக, ஸ்பிரிங்குக்குப் பணம் கொடுத்து பம்ப் ஸ்டாப்பில் சவாரி செய்கிறோம்.

வளைவில் இது இன்னும் மோசம். காரின் வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தால் மிச்சமிருந்த கொஞ்ச டிராவலும் தீர்ந்து கட்டை முழுதாக இறுகிவிடும். அந்த நொடியில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு பல மடங்காகிறது. டயரால் அதைச் சமாளிக்க முடியாமல் பிடி விடும். முன்பக்கம் இப்படி ஆனால் கார் திரும்ப மறுத்து நேராகத் தள்ளும். பின்பக்கம் ஆனால் வால் வெளியே போகும். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது, ஏனென்றால் அது முன்னறிவிப்பே தராது.

உங்கள் காரில் எவ்வளவு டிராவல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. டாம்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று தெரியும் தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜிப் டை கட்டுங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம், தள்ளினால் நகரும்படி இருக்கட்டும். அதை டாம்பர் உடலின் வாய்வரை இறக்கிவிட்டு, வழக்கமாக ஓட்டும் ரோட்டில், வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். அமுங்கியபோதெல்லாம் டாம்பர் அந்த டையைத் தண்டில் மேலே தள்ளியிருக்கும். அது நிற்கும் இடம்தான் அதிகபட்ச அசைவு. அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பின் கீழ்விளிம்பு வரை 15 மி.மீ.தான் இருக்கிறது என்றால், 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் உங்கள் ரோட்டுக்கு ஒத்துவராது என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரட்டை விஷ்போன், அதாவது மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்புள்ள காரில் தண்டு நகர்வது சக்கரத்தைவிடக் குறைவாக இருக்கும், 30 மி.மீ. இறக்கம் என்பது சக்கரத்தில் அளந்தது.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சில நுணுக்கங்கள்

ஸ்பிரிங்கின் விறைப்பை அதிகம் மாற்றுவது கம்பியின் தடிமன். அது நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி, மற்றதெல்லாம் அப்படியே என்றால், விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் விறைப்பு கூடும். அதனால்தான் பழைய ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவதை ஆதரிப்பவர்கள் "விறைப்பும் கூடுகிறதே" என்கிறார்கள். கூடுவது உண்மைதான், இயங்கும் ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் 20 சதவீதம் கூடும். ஆனால் அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. அறுக்கும் சூட்டில் கம்பியின் பதம் கெட்டு, முறிய வாய்ப்பிருக்கிறது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவிவிடலாம். எந்த நிலையிலும் செய்யக் கூடாத வேலை இது.

நேர்விறைப்பு ஸ்பிரிங், படிப்படியாக விறைப்பு கூடும் ஸ்பிரிங் என்று இரண்டு வகை. முதல் வகையில் சுற்றுகள் சீரான இடைவெளியில் இருக்கும். எவ்வளவு அமுங்கினாலும் ஒரே விறைப்பு. இரண்டாம் வகையில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். சுமை ஏற ஏற அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மீதிச் சுற்றுகள் மட்டும் வேலை செய்யும். அதனால் விறைப்பு கூடும். ஐபாக் கம்பெனியின் புரோ-கிட் போன்ற ரோட்டுக்கான ஸ்பிரிங்குகள் இந்த இரண்டாம் வகை. சின்னச் சின்ன மேடுகளில் மென்மை, பெரிய அசைவில் தாங்கும் பலம் என்று தினசரி ஓட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும். ரேஸ் டிராக்கில் அதிகம் ஓட்டுபவர்கள் நேர்விறைப்பையே விரும்புகிறார்கள், ஏனென்றால் கார் அடுத்து என்ன செய்யும் என்பதைக் கணிப்பது எளிது, டாம்பரைப் பொருத்தமாக அமைப்பதும் எளிது.

வேறு காரின் ஸ்பிரிங் எண்ணோடு உங்கள் காரின் எண்ணை ஒப்பிட வேண்டாம். டொயோட்டா ஜிஆர்86-இன் முன்பக்கம் போல மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தோடு சேரும் அமைப்பு) இருந்தால், ஸ்பிரிங் சக்கரத்துக்கு மிக அருகில் இருக்கும். சக்கரம் நகரும் தூரம் ஏறக்குறைய முழுதாக ஸ்பிரிங்குக்கும் போகும். மாஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000 போன்றவற்றின் முன்பக்கத்தில் இரட்டை விஷ்போன். அங்கே ஸ்பிரிங் உள்ளே தள்ளி இருப்பதால் சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகத்தான் நகரும். இந்த விகிதம் 0.7 என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு அதன் வர்க்கம், அதாவது 0.49 பங்கு. 60 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 29 ஆகிவிடும். எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்று முரட்டுத்தனம், மற்றது மென்மை என்று முடிவுகட்டினால் தவறாகத்தான் போகும்.

ஒப்பிட நல்ல அளவு வேறொன்று இருக்கிறது: காரின் உடல் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. சொகுசுக் கார்களில் இது 1 முதல் 1.3 ஹெர்ட்ஸ் வரை. ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் 1.5-க்கும் 2-க்கும் இடையில். 2-ஐத் தாண்டினால் டிராக்கின் வழவழப்பான தார் வேண்டும். மேலே பார்த்த 28 நியூட்டன் மூலை சுமார் 1.5 ஹெர்ட்ஸ், 35 போட்டபின் சுமார் 1.66. அந்த 56 நியூட்டன் போட்டால் 2.1. பெரும்பாலான ரோட்டுக் கார்களில் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடும்படி வைக்கிறார்கள். மேட்டில் முன்சக்கரம்தான் முதலில் ஏறுகிறது. தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்தால் கார் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடாது. இதை 1930-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி ஆராய்ந்து சொல்லிவிட்டார். முன்பக்க ஸ்பிரிங்கை ஒரு கம்பெனியிலும் பின்பக்க ஸ்பிரிங்கை இன்னொரு கம்பெனியிலும் வாங்கிக் கலக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இந்தச் சமநிலைதான்.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் சுருள் ஸ்பிரிங்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஏழாம் தலைமுறை கார்வெட்டில் முன்னும் பின்னும் குறுக்கே கிடக்கும் கலவைப்பொருள் இலை ஸ்பிரிங். அதில் போல்ட்டைத் திருகியே கொஞ்சம் இறக்கலாம்.

டாம்பர் இல்லாமல் ஸ்பிரிங் பேச்சு முடியாது

ஷாக் அப்சார்பர் என்று நாம் சொல்லும் டாம்பரின் வேலை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அமுங்கும்போது கொஞ்சம் தடுக்கும். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி நீளும்போது அதைவிட அதிகமாகத் தடுக்கும். இந்த இரண்டாவதை ரீபவுண்ட் என்கிறார்கள். ஸ்பிரிங்கை 25 சதவீதம் விறைப்பாக்கினால், அதே அளவு அடங்க வேண்டுமென்றால் டாம்பரின் பலம் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். கம்பெனி டாம்பர் புதிதாக, நல்ல நிலையில் இருந்தால் இந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். 80,000 கி.மீ. ஓடித் தளர்ந்த டாம்பர் தாங்காது. கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் இன்னொரு முறை, மூன்றாவது முறை என்று ஆடிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்கு அது ஸ்பிரிங்கின் குற்றமாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் நீளம். கம்பெனி டாம்பர் கம்பெனி உயரத்துக்காக வெட்டப்பட்டது. காரை இறக்கியதும் அதன் பிஸ்டன் எந்நேரமும் கீழே தள்ளியே இயங்கும். உடல் குட்டையான டாம்பர் போட்டால் அந்த இழந்த டிராவலில் ஒரு பகுதியைத் திரும்ப மீட்கலாம். பில்ஸ்டீன் கம்பெனி இதை எளிதாகப் பிரித்து வைத்திருக்கிறது: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய காருக்கான குட்டை டாம்பர், பி12 என்பது பி8-உடன் ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்த முழு செட். யாராவது பி6-ஐயும், 30 மி.மீ. ஸ்பிரிங்கையும் ஒன்றாக ஆர்டர் செய்வதைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் டாம்பர் உள்ள கார்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா என்பது அந்த ஸ்பிரிங் தயாரிப்பவர் அந்த டாம்பர் வகைக்கும் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. டாம்பரையே கழற்றிவிட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அடக்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி தேவைப்படும். சில செட்டுகளில் அது சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும்.

காயிலோவர் வேண்டுமா?

ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே அச்சில் சேர்ந்த, மரையைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய செட்டைத்தான் காயிலோவர் என்று பொதுவாகச் சொல்கிறோம். உயரத்தை நீங்களே முடிவு செய்யலாம் என்பது ஈர்ப்பான விஷயம். ஆனால் உண்மையான லாபம் வேறு: நான்கு மூலையின் எடையையும் தராசில் வைத்துச் சமப்படுத்தலாம், டாம்பரின் இறுக்கத்தை மாற்றலாம்.

எல்லாவற்றிலும் எல்லாம் மாறாது. கேடபிள்யூ கம்பெனியின் வரிசை ஒரு நல்ல உதாரணம். வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும். வேரியன்ட் 2-இல் ரீபவுண்டும். வேரியன்ட் 3-இல் ரீபவுண்ட், கம்ப்ரஷன் (அமுங்கும்போது தடுப்பது) இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். முதல்முறை மாற்றுபவருக்கு இரண்டாம் படியே தாராளம் என்பது என் எண்ணம். கம்ப்ரஷனைத் தனியாகத் திருகக் கொடுத்தால், தொடக்கத்தில் சரியானதைவிட்டு விலகிப் போக வழிகள்தான் கூடுகின்றன.

மரையில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்தால் அது விறைப்பாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நேர்விறைப்பு ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. 35 நியூட்டன் ஸ்பிரிங் இறுக்கினாலும் 35 நியூட்டன்தான். மாறுவது கார் நிற்கும் உயரம். அதோடு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு டிராவல் என்ற பங்கீடும் மாறும். சில செட்டுகளில் டாம்பர் உடலையே அடிப்பகுதியில் திருகி நீளத்தை மாற்றலாம். அவற்றில் உயரத்தைக் குறைத்தாலும் டாம்பரின் டிராவல் குறையாது. ஆனால் அதற்காக டயர் ஃபெண்டரில் உரசாது என்று அர்த்தமில்லை.

விலை குறைந்த காயிலோவரைவிட, பெயர் பெற்ற ஸ்பிரிங்கும் அதற்கென்றே செய்த டாம்பரும் சேர்ந்த செட் ரோட்டுக் காருக்கு எப்போதுமே மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது கிளிக் திருகலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். உள்ளே வால்வு சரியில்லையென்றால் முப்பது கிளிக்கும் முப்பது விதமான தவறுதான்.

உயரம் குறைந்தால் வேறு என்னவெல்லாம் மாறும்

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் தாழும், அதனால் வளைவில் எடை மாறுவது குறையும் என்பது சரி. எவ்வளவு குறையும் என்று பார்ப்போம். 1,300 கிலோ கார், ஈர்ப்பு மையம் 480 மி.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1,520 மி.மீ. 1 ஜி விசையில், அதாவது காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையில் வளையும்போது சுமார் 410 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும். 25 மி.மீ. தாழ்த்தினால் 389 கிலோ. ஐந்து சதவீதம். நல்லதுதான், ஆனால் நல்ல டயர் தரும் லாபத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் அந்த 410 கிலோ குறையாது. விறைப்பு குறைப்பது காரின் சாய்மானத்தை. மொத்தமாக மாறும் எடையை முன்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று பிரிப்பதும் விறைப்புதான். அந்தப் பிரிவினையில் காரின் குணமே மாறிவிடும்; இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்மானத்தைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாருக்கு வரும்போது அதைப் பார்ப்போம்.

மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் கார்களில் இன்னொரு விஷயம் நடக்கிறது. காரின் அடியில் குனிந்து சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையான லோயர் ஆர்மைப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் அது பெரும்பாலும் கிடையாகவோ, சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்தோ இருக்கும். அதிகமாக இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கியபடி நிற்கும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், ஸ்பிரிங் போதுமான அளவு விறைப்பாக இல்லாவிட்டால் தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயும்! கூடவே, சக்கரம் அமுங்கும்போது கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) நல்ல திசையில் மாறுவதும் குறைந்துவிடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் கோணமும் மாறுவதால் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் லேசாகத் திரும்பும். லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பந்து மூட்டுக்குப் பதில் நீளமான பால் ஜாயின்ட் போட்டு இவற்றைத் திருத்தலாம். 20 மி.மீ. அளவுக்கு இறக்கினால் பெரும்பாலும் அது தேவைப்படாது. 40-க்குப் போனால் அந்தச் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரட்டை விஷ்போன் கார்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மையானவை. இறக்கினால் கேம்பர் உள்நோக்கிச் சாயும். அதை அலைன்மென்ட்டில் சரிக்கட்டலாம். டயர் சீக்கிரம் தேய்வதற்குக் கேம்பரைக் குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பது. கேம்பர் கொஞ்சம் இருந்தாலும் டோ சரியாக இருந்தால் டயர் வெகுநாள் உழைக்கும்.

ஆன்டி ரோல் பார்

சாய்மானம்தான் உங்கள் குறை என்றால், கார் உயரத்தில் திருப்தி என்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல் ஆன்டி ரோல் பாரை மட்டும் மாற்றலாம். நேராகப் போகும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது குறுக்கே வராது. ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் மட்டும் உணர்வீர்கள். இதுவும் நான்காம் அடுக்கு விஷயம்: 22 மி.மீ. பாருக்குப் பதில் 24 மி.மீ. என்றால் 42 சதவீதம் விறைப்பு. டயரின் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் எந்த அச்சு (முன் அல்லது பின் சக்கர ஜோடி) அதிகமான எடை மாற்றத்தைச் சுமக்கிறதோ அந்த அச்சு பிடியை இழக்கும். முன்பக்க பாரைத் தடிமனாக்கினால் கார் நேராகத் தள்ளும் குணம் கூடும், பின்பக்கத்தை ஆக்கினால் வால் வெளியே போகும் குணம் கூடும். துளைகள் உள்ள, நிலை மாற்றக்கூடிய பார் வாங்கினால் மென்மையான துளையிலிருந்து தொடங்குங்கள்.

மாட்டும்போது

ஸ்பிரிங் கம்ப்ரசர் கருவியைப் பழக்கமில்லாமல் தொட வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் பலம் அதில் இருக்கிறது. நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் கூட நின்று மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது புஷ். லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் பந்துபோல் சுழலாது. உள் குழாயோடும் வெளி குழாயோடும் ரப்பர் ஒட்டியிருக்கும், அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால் அந்த நிலைதான் புஷ்ஷின் இயல்பு நிலை ஆகிவிடும். கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கார் கொஞ்சம் உயரமாக நிற்கும், சில மாதங்களில் ரப்பர் ஓரத்தில் வெடிப்பு தெரியும். எனவே போல்ட்டுகளை லேசாகப் பிடித்துவைத்து, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடும் பட்டறைகள் ஏராளம்.

இரண்டாவது, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். எப்படியும் கழற்றியாகிவிட்டது, அதில் ரப்பர் தளர்ந்திருந்தாலோ பேரிங் கரகரத்தாலோ அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு தனியாக மாற்றினால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பம்ப் ஸ்டாப். சில ஸ்பிரிங் செட்டுகள் பழைய கட்டையைக் குறிப்பிட்ட அளவு வெட்டச் சொல்லும், சில புதியதைச் சேர்த்தே தரும். தயாரிப்பாளர் சொன்னதைச் செய்யுங்கள். கட்டையை முழுதாக எடுத்துவிட்டால் டிராவல் கூடுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டன் டாம்பரின் அடியில் நேராக இடித்து டாம்பரையே காலி செய்துவிடும்.

அப்புறம் உயரத்தை அளப்பது. தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையிலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கி.மீ. ஓடியபின் இன்னும் சில மி.மீ. இறங்கி நிலைக்கும். மாட்டிய அன்றே ஓட்டத்துக்கு ஏற்ற அளவு அலைன்மென்ட் செய்துகொண்டு, நிலைத்தபின் மறுபடியும் முழுதாகச் செய்வது சரி. ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள கார்களில் அதைத் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டுமா என்று கார் கையேட்டில் பாருங்கள். பல நாடுகளில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்யவும் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லவும் வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

எதை முதலில்?

பணம் ஒரே தடவையில் கிடைப்பதில்லை, ஆகவே வரிசை முக்கியம். முதலில் டயர். அடுத்து, இருக்கும் புஷ், பால் ஜாயின்ட், டாம்பர் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்ததை மாற்றி, ஒரு நல்ல அலைன்மென்ட். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பலவற்றில் இதோடேயே ஆசை தீர்ந்துவிடும். கம்பெனி என்ஜினியர்கள் செய்த வேலை அவ்வளவு மோசமில்லை.

அதற்குப் பிறகும் வேண்டுமென்றால், உங்கள் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தினமும் ரோட்டில் ஓட்டும், டாம்பர் புதிதாக இருக்கும் கார் என்றால் 15 முதல் 25 மி.மீ. இறக்கும் படிப்படி ஸ்பிரிங் போதும். டாம்பர் பழையது என்றால் ஸ்பிரிங்கை மட்டும் வாங்காதீர்கள். பணம் சேரும்வரை பொறுத்து, டாம்பரோடு சேர்ந்த செட்டாக வாங்குங்கள். வருடத்தில் பல நாள் டிராக்குக்குப் போகிறவர், கேம்பரையும் மூலை எடையையும் மாற்றப் போகிறவர் என்றால் நல்ல காயிலோவரில் போடும் பணம் வீணாகாது.

ரீபவுண்ட் மாற்றக்கூடிய டாம்பர் போட்டிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன தொடக்க நிலையில் வைத்து ஒரே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மேட்டைத் தாண்டியபின் உடல் இன்னொரு முறை எழுந்து இறங்கினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். அடுத்தடுத்துச் சின்ன மேடுகள் வரும்போது கார் நிமிராமல் கீழேயே இழுத்துப் பிடித்ததுபோல் அமர்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் அதிகம். இரண்டு கிளிக் தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு அச்சை மட்டும் மாற்றுங்கள், இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும், முன் எத்தனை கிளிக், பின் எத்தனை கிளிக், டயர் காற்று எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.